எம்ஜிஏ 1500: வேகத்தில் சூடு ஏறுகிறது, மெதுவாகப் போனால் இறங்குகிறது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

#1 தஞ்சை எம்ஜிஏ

வணக்கம். வண்டி எம்ஜிஏ 1500, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். ஒரிஜினல் 1489 சிசி இன்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், லூகாஸ் டைனமோ, பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்தது). எதையும் மாற்றவில்லை. ஓட்டம் பெரும்பாலும் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி, கும்பகோணம் வரைக்கும்தான்.

ஊருக்குள் டெம்பரேச்சர் முள் 85 டிகிரியில் நிற்கிறது. வெளியே வந்து 75, 80 கிலோமீட்டர் வேகத்தில் பிடித்தால் கால் மணி நேரத்தில் 100-ஐத் தொடுகிறது. வேகத்தை 50-க்குக் குறைத்தால் மெல்ல 90-க்கு வருகிறது. நிறுத்தியதும் ஓவர்ஃப்ளோ பைப் வழியாக அரை லிட்டர், சில சமயம் ஒரு லிட்டர் வரை தண்ணீர் கொட்டுகிறது. ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை, வெள்ளைப் புகை இல்லை.

ரேடியேட்டர் கோர் (ட்யூபும் ஃபின்னும் உள்ள நடுப்பகுதி) புதிது. வாட்டர் பம்ப், ஃபேன் பெல்ட் புதிது. தெர்மோஸ்டாட்டைக் (தண்ணீர் சூடானபின் ரேடியேட்டர் வழியைத் திறக்கிற வால்வு) கழற்றிவிட்டார்கள், நம்ம ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று பட்டறையில் சொன்னார்கள். ஊற்றுவது வீட்டு போர்வெல் தண்ணீர், கூலன்ட் இல்லை. அடுத்து எலக்ட்ரிக் ஃபேன் போடுவதா, சிலிண்டர் ஹெட்டை இறக்குவதா என்று யோசனை.

#2 அம்பாசடர் 1489 (மன்னார்குடி)

ரெண்டும் இப்ப வேண்டாம் சார். நீங்க எழுதினதுலயே பாதி விடை இருக்கு.

நிக்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் சூடு ஏறினா, காத்து பத்தலைன்னு அர்த்தம். ஃபேன், பெல்ட், ஃபின் அடைப்பு, ஐட்லிங் மிக்சர் எல்லாம் அந்தக் கணக்கு. வேகத்துல போகும்போது ஏறினா அது வேற கணக்கு. 60 கிலோமீட்டருக்கு மேல கிரில் வழியா அடிக்கிற காத்துக்கு முன்னாடி ஃபேன் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அதனால எலக்ட்ரிக் ஃபேன் இந்தப் பிரச்சினையைத் தொடவே தொடாது.

வேகத்துல ஏறுற சூட்டுக்கு வழி மூணு. தண்ணி போதுமான அளவு சுத்தலை. அல்லது தண்ணி சுத்துது, ஆனா இரும்புல இருந்து சூட்டை வாங்க முடியலை. அல்லது இன்ஜினே தேவைக்கு மேல சூட்டைத் தண்ணிக்குள்ள தள்ளுது, அதாவது டைமிங் பின்வாங்கியிருக்கு (பிளக் பொறி தாமதமா வருது), மிக்சர் இளைச்சிருக்கு (காத்துக்குப் பெட்ரோல் பத்தலை), இல்லை ஹெட் கேஸ்கெட்ல காஸ் கசியுது. இதுல எதுன்னு அளந்து பாத்துட்டுதான் ஸ்பானரைக் கையில எடுக்கணும். ரேடியேட்டர், பம்ப் ரெண்டையும் அளக்காம மாத்தியாச்சு, முள் இறங்கலை.

இந்த இன்ஜின் நம்ம டெல்டாவுக்குப் புதுசு இல்லை. பழைய 1489 பெட்ரோல் அம்பாசடர்ல ஓடினது இதே பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியோட பி-சீரிஸ் இன்ஜின் குடும்பம். சிலிண்டர் விட்டம் 73, பிஸ்டன் போய்வர்ற தூரம் 88.9 மில்லி, ரெண்டுக்கும் ஒண்ணே. எம்ஜிஏ-ல கம்ப்ரஷன் விகிதம் 8.3, கார்புரேட்டர் ரெண்டு, அதனால கொஞ்சம் அதிகமா வேலை வாங்கும். தண்ணி ஓடுற வழி கிட்டத்தட்ட அதேதான்.

#3 லூகாஸ் 12 (மயிலாடுதுறை)

முதலில் மீட்டர் சொல்வது உண்மையா என்று பார்த்துவிடுங்கள். ஸ்மித்ஸ் மீட்டர் கேப்பில்லரி வகை, மெல்லிய குழாய் வழியாக வேலை செய்வது. முனையிலுள்ள பல்பைக் கழற்றிக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். டெல்டா கடல் மட்டத்தை ஒட்டிய பூமி, ஆகையால் கொதிநிலை 100 என்றே வைத்துக்கொள்ளலாம். முள் 100 காட்ட வேண்டும். அந்தத் தண்ணீரையே ஆறவிட்டு 80-லும் ஒருமுறை சமையல் தெர்மாமீட்டரோடு ஒப்பிடுங்கள். ஒரு முனையில் சரியாகவும் மறு முனையில் தவறாகவும் காட்டுகிற மீட்டர்கள் உண்டு.

கேப்பில்லரிக் குழாயை மடக்கவோ முறுக்கவோ கூடாது. உள்ளே இருக்கிற ஈதர் போய்விட்டால் மீட்டர் அத்தோடு சரி. நட்டைத் திருப்பும்போது குழாயும் சேர்ந்து சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

#4 குடந்தை ரேடியேட்டர்

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள் அல்லது கடன் வாங்குங்கள். பளபளக்கிற பித்தளையில் நேரடியாக அடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அளக்க வேண்டிய இடத்திலெல்லாம் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு அதன்மேல் அடியுங்கள்.

80-ல் ஓட்டிச் சூடு ஏறியதும் ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் 1500 ஆர்பிஎம்-ல் பிடித்துக்கொண்டு உடனே அளக்க வேண்டியவை:

மேல் டேங்க், கீழ் டேங்க். இவற்றின் வித்தியாசம் 8 முதல் 15 டிகிரிக்குள் இருந்தால் ஓட்டம் சரி. 25, 30 என்று போனால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. ரேடியேட்டருக்குள் வந்தது நன்றாகவே ஆறுகிறது, ஆனால் வருவது குறைவு. வித்தியாசம் 3, 4 மட்டுமே என்றால் ஓட்டம் இருக்கிறது, காற்றுதான் சூட்டை எடுக்கவில்லை.

பிறகு கோரின் முகத்தில் இடமிருந்து வலமாக வரிசையாக அடித்துக்கொண்டே போங்கள். நடுவில் எங்காவது செங்குத்தாக ஒரு குளிர்ந்த பட்டை தெரிந்தால் அங்கே ட்யூப் அடைத்திருக்கிறது. புதிய கோரிலும் இது வரும்.

கடைசியாக பிளாக். டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கும் பக்கம், முதல் சிலிண்டர் அருகே ஓரிடம், நாலாவது சிலிண்டர் அருகே ஓரிடம், இரண்டும் பிளாக்கின் பாதி உயரத்தில்.

இன்னொன்று, கீழ் ஹோஸ். யாரையாவது ஆக்சிலரேட்டரை 3000 வரை மிதிக்கச் சொல்லிவிட்டு அதைப் பாருங்கள். பம்ப் உறிஞ்சுகிற பக்கம் அது. உள்ளே சுருள் கம்பி இல்லாத மெத்து ஹோஸ் என்றால் வேகத்தில் சப்பிப்போய் ஓட்டத்தை நெரிக்கும். ஐட்லிங்கில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மூடியையும் கழற்றிப் பாருங்கள். பழைய பிரிட்டிஷ் ரேடியேட்டர்களின் கழுத்து ஆழம் 1 அங்குலம், கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற மூடி முக்கால் அங்குலத்துக்கானது. அது மேலே பூட்டிக்கொள்ளும், ஆனால் கீழ் வாஷர் இருக்கையில் உட்காராது, பிரஷரே பிடிக்காது. 7 பவுண்டு பிரஷர் நின்றால் தண்ணீர் 111 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். பிரஷர் இல்லையென்றால் 100-லேயே கொதிக்கும்.

#5 தஞ்சை எம்ஜிஏ

அளந்துவிட்டேன். மீட்டர் கொதிநீரில் 99 காட்டுகிறது, 80-லும் சரி. கீழ் ஹோஸ் சப்பவில்லை, உள்ளே சுருள் இருக்கிறது. மூடி சரியான ஆழம்தான், வாஷர் நன்றாக இருக்கிறது.

மேல் டேங்க் 97, கீழ் டேங்க் 69. கோரில் வலது ஓரமாக இரண்டு விரல் அகலத்துக்கு மற்ற இடத்தைவிட 15 டிகிரி குறைவு. பிளாக்: முதல் சிலிண்டர் பக்கம் 93, நாலாவது பக்கம் 108.

#6 அம்பாசடர் 1489

28 டிகிரி வித்தியாசம். ஓட்டம் குறைவு, சந்தேகமே இல்லை. காரணம் ஒண்ணு இல்லை, ரெண்டு தெரியுது.

முதல் காரணம் கழட்டின தெர்மோஸ்டாட். இதைப் பத்தி விளக்கமா சொல்லணும், ஏன்னா நம்ம பக்கத்துப் பட்டறைகள்ல பாதிப் பேர் கழட்டித் தூக்கிப் போட்டுடுறாங்க. எம்ஜிஏ-ல தெர்மோஸ்டாட் உக்காரும் அறையோட பக்கச் சுவர்ல ஒரு பைபாஸ் வழி இருக்கு. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம அந்த வழியா நேரா பம்புக்குத் திரும்பும். பழைய தெர்மோஸ்டாட்ல வெளிப்பக்கம் ஒரு வளையம் இருக்கும். வால்வு திறக்கும்போது அந்த வளையம் நகர்ந்து பைபாஸை மூடிடும், எல்லாத் தண்ணியும் ரேடியேட்டர் வழியாப் போகும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்து கிடக்கும். தண்ணி எதிர்ப்பு குறைஞ்ச வழியத்தான் பிடிக்கும், அதனால சூடான தண்ணியில ஒரு பங்கு ஆறாமலே பிளாக்குக்குத் திரும்புது. வேகம் கூடக் கூட பம்ப் தள்ளுற அளவும் கூடும், அந்தப் பங்கும் கூடும். ஊருக்குள்ள தெரியாம இருக்கிறது ரோட்டுல தெரியறதுக்கு இது ஒரு காரணம்.

தெர்மோஸ்டாட் சூட்டைக் குறைக்கற சாமான் இல்லை, கீழ் எல்லையை நிறுத்தற சாமான். 82 டிகிரி தெர்மோஸ்டாட்டுக்கு பதிலா 74 போட்டா முள் ஆரம்பத்துல கீழ நிக்கும், அவ்வளவுதான். இயல்பா 100 போற வண்டி 74 போட்டாலும் 100 போகும். நம்ம வெயிலுக்கு 82-ஏ போதும்னு என் கணிப்பு. இன்ஜின் ஆயில் நல்லா சூடாகி ஈரம் போகும்.

வளையம் வெச்சது கிடைச்சா அதையே போடுங்க. கிடைக்கலைன்னா சாதா மெழுகு வகையைப் போட்டு, பைபாஸ் வழியை அடைச்சிடலாம். அப்படிச் செஞ்சா தெர்மோஸ்டாட் தட்டுல 3 மில்லி ஓட்டை ரெண்டு போடுங்க. இல்லைன்னா வால்வு மூடியிருக்கும்போது தண்ணி அசையாது, ஹெட்ல ஒரு பக்கம் கொதிச்சுக்கிட்டு இருக்கும்போது வால்வுக்கு அது தெரியாது. அந்த ஓட்டை காத்து வெளியேறவும் உதவும்.

போடறதுக்கு முன்னாடி பாத்திரத்துல நூல் கட்டித் தொங்கவிட்டு சோதிங்க. அடியில படக்கூடாது. 80-லிருந்து 84-க்குள்ள திறக்க ஆரம்பிக்கணும், 95-க்குள்ள முழுசா திறந்து 8 மில்லி கிட்ட எழும்பணும்.

ரெண்டாவது காரணம் நாலாவது சிலிண்டர்கிட்ட வர்ற 108. முன்னாடிக்கும் பின்னாடிக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருக்கவே கூடாது. பிளாக்கோட பின்கோடியில ஒரு வடிகால் டேப் இருக்கும். அதைத் திறந்து என்ன வருதுன்னு சொல்லுங்க.

#7 நாகை உப்புத்தண்ணி

என்ன வரும் என்று நானே சொல்லிவிடுவேன்: ஒன்றும் வராது.

வீட்டு போர் தண்ணீர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்புகளை அளப்பது) வாங்கி அதில் வையுங்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரம் ஏற்கத்தக்கது என்று சொல்லும் எல்லை லிட்டருக்கு 500 மில்லிகிராம். டெல்டாவில் அதைத் தாண்டுகிற போர்கள் ஏராளம். கடலோரம் வர வர, வேதாரண்யம் பக்கம் போகப் போக, கடினத்தன்மையோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். கடினநீர் சூடானதும் கால்சியம் பைகார்பனேட் உடைந்து சுண்ணாம்பாகப் படிகிறது. படிவது எங்கே? மிகவும் சூடான உலோகத்தின்மேல், அதாவது எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றியும் சிலிண்டர் சுவரிலும். வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கும் மேல் மந்தமாகச் சூட்டைக் கடத்துகிற பொருள் அது. ஒரு மில்லி படிந்தாலே போதும், தண்ணீர் குளிர்ந்திருந்தும் இரும்பு வெந்துகொண்டிருக்கும்.

குளோரைடு வேறு கதை. அது இரும்பை அரிக்கும். அரித்த துருவும் உதிர்ந்த சுண்ணாம்பும் வார்ப்பு மணலின் மிச்சமும் சேர்ந்து ஓட்டம் மந்தமான இடத்தில் வண்டலாகத் தங்கும். பி-சீரிஸில் பம்ப் முன்னால் இருக்கிறது, கடைமடை நாலாவது சிலிண்டர். அங்கே நீரோட்டம் பலவீனம், அங்கேதான் வண்டல் நிற்கும்.

ஒவ்வொரு முறை தண்ணீர் கொட்டி நீங்கள் போர் தண்ணீரால் நிரப்பும்போதும் புதிதாகச் சுண்ணாம்பு உள்ளே போகிறது. ஆக, தண்ணீர் இழப்பு அறிகுறி மட்டுமில்லை, அதுவே அடுத்த காரணமும்.

ஆற்றுத் தண்ணீர் மெது என்று சிலர் வாய்க்காலிலிருந்து எடுத்து ஊற்றுகிறார்கள். மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது அதில் எவ்வளவு மண் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் வேண்டாம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் 5 லிட்டர் கேனில் கிடைக்கிறது. இந்த வண்டிக்கு மொத்தக் கொள்ளளவே 10 பைன்ட், அதாவது 5.7 லிட்டர், ஹீட்டர் இருந்தால் கொஞ்சம் கூட.

#8 தஞ்சை எம்ஜிஏ

டேப்பைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. சைக்கிள் ஸ்போக்கை உள்ளே விட்டுக் குத்தினால் மூன்று அங்குலம் வரை களிமண் மாதிரி பழுப்பு நிறச் சேறு, அதற்குப் பின் கொஞ்சம் தண்ணீர் கசிந்து நின்றுவிட்டது. போர் தண்ணீர் டிடிஎஸ் 860.

இதை எப்படி முழுசாக வெளியே எடுப்பது?

#9 அம்பாசடர் 1489

டேப்பை முழுசா கழட்டிடுங்க, ஓட்டை பெருசாகும். ரேடியேட்டரை இறக்கி வெச்சிடுங்க. இந்தச் சேறு ஏற்கெனவே புதுக் கோரோட வலது ஓரத்துக்குப் போயிருக்கு, அந்தக் குளிர்ந்த பட்டை அதுதான். இன்னும் போக விடக்கூடாது. தெர்மோஸ்டாட் மூடியைக் கழட்டி, மேலிருந்து தோட்டத்து ஹோஸ் வெச்சு அழுத்தமா அடிங்க. அதே நேரம் டேப் ஓட்டை வழியா வளைச்ச கம்பியால கிளறுங்க. உள்ளே நாலாவது சிலிண்டரைச் சுத்தி முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் வளையற மாதிரி பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளோட உள்கம்பி ஒண்ணு நல்லா உதவும். அதை டிரில்லுல மாட்டி மெதுவா சுத்தவிடலாம்.

கல்லா இறுகியிருந்தா கோர் பிளக்கைத் தட்டி எடுக்கணும். பக்கவாட்டுல இருக்கற பெரிய வட்டத் தகடுகள். நடுவுல ஓட்டை போட்டு நெம்பினா வந்துடும், ஓட்டை போடும்போது டிரில் உள்ளே ஓடி சிலிண்டர் சுவரைத் தொடாம பிட்டுல டேப் சுத்தி ஆழம் கட்டுப்படுத்துங்க. அந்த வழியா கையே உள்ளே போகாட்டியும் பழைய ஸ்க்ரூடிரைவர் போகும். புதுப் பிளக் பித்தளையில போடுங்க, துருப் பிடிக்காது.

தண்ணி தெளிவா வர்ற வரைக்கும்னு நிறுத்தாதீங்க. தெளிவா வந்த பிறகும் கம்பியால குத்தினா மறுபடி கலங்கும். குத்தியும் கலங்காம வரணும்.

#10 நாகை உப்புத்தண்ணி

சேறு போன பிறகு சுவரில் ஒட்டிய சுண்ணாம்பு இருக்கும். அதற்கு சிட்ரிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம். 6 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கிடைக்கும்.

#11 குடந்தை ரேடியேட்டர்

ரேடியேட்டரோடு சேர்த்து ஆசிட் ஓட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ட்யூபும் டேங்கும் ஒட்டியிருப்பது ஈயப்பற்றில். பழைய கோரில் அந்தப் பற்றைத் தாங்கிக்கொண்டிருப்பதே அழுக்குதான் என்கிற நிலை நிறைய உண்டு, ஆசிட் போனதும் பத்து இடத்தில் ஒழுகும். டாய்லெட் கழுவுகிற ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டை ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். பற்று, பித்தளை, தெர்மோஸ்டாட் மூடி எல்லாவற்றையும் அது தின்றுவிடும். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள்.

#12 நாகை உப்புத்தண்ணி

அண்ணன் சொல்வது சரி. அதனால் பிளாக்குக்கு மட்டும் ஓட்டுவோம், ரேடியேட்டர் கீழேயே இருக்கட்டும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஏர் கூலரில் இருக்கும் சின்ன பம்ப் ஒன்று போதும். பிளாஸ்டிக் வாளியில் 50 டிகிரி வெந்நீரில் ஆசிட்டைக் கரைத்து, கீழ் ஹோஸ் வழியாக உள்ளே அனுப்பி மேல் ஹோஸ் வழியாக வாளிக்கே திரும்ப விடுங்கள். வாட்டர் பம்ப் நின்றிருந்தாலும் விசிறிக்கு இடையில் தண்ணீர் போகும். நுரைத்துக்கொண்டு வருவது நின்றால் வேலை முடிந்தது, அல்லது ஆசிட் தீர்ந்தது. லிட்மஸ் தாளை விட்டுப் பாருங்கள்: இன்னும் சிவந்தால் சுண்ணாம்பு தீர்ந்தது, சிவக்கவில்லை என்றால் ஆசிட் தீர்ந்தது, புதிதாகக் கரைத்து ஓட்டுங்கள். ராத்திரி முழுக்க உள்ளே விடக் கூடாது. கரைந்த கால்சியம் சிட்ரேட்டாகத் திரும்பப் படியும், நல்ல இரும்பும் அரிபடும்.

பிறகு வடித்துவிட்டு, ஆப்ப சோடா 50 கிராம் கலந்த தண்ணீர் ஒருமுறை, வெறும் தண்ணீர் இரண்டு முறை, கடைசியாக டிஸ்டில்டு வாட்டர் ஒருமுறை. அலசி முடித்த அன்றே கூலன்ட் ஊற்றிவிட வேண்டும். ஆசிட் பட்ட வெறும் வார்ப்பிரும்பு நம்ம ஈரக்காற்றில் ஒரே நாளில் துருப்பிடிக்கும்.

கூலன்ட் பச்சை நிறப் பழைய வகை, சிலிகேட் உள்ளது, எத்திலீன் கிளைகால். நிறத்தை மட்டும் நம்பாமல் பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று கேனில் இருக்கிறதா என்று படியுங்கள். ஆர்கானிக் ஆசிட் வகை ஈயப்பற்றுக்கு ஆகாது. நமக்கு உறைபனி இல்லை, ஆகவே பாதிக்குப் பாதி தேவையில்லை. மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்டு வாட்டர். கிளைகாலைவிடத் தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

#13 குடந்தை ரேடியேட்டர்

அப்படியென்றால் சரி. ரேடியேட்டருக்கு நான் சொல்வது: தலைகீழாக வைத்து, கீழ் வாயில் ஹோஸ் வைத்துப் பின்னோக்கி அடியுங்கள். பிறகு நிமிர்த்தி, கீழ் வாயை உள்ளங்கையால் மூடி நிரப்பிவிட்டுச் சட்டென்று கையை எடுங்கள். வாய் நிறைய, ஒரே தாரையாகக் கொட்ட வேண்டும். இழுத்து இழுத்து வந்தால் பட்டறையில் மேல் டேங்கைப் பிரித்து ட்யூபுக்குள் தட்டைக் கம்பி விட்டுக் குத்தச் சொல்லுங்கள். புதுக் கோர் என்பதால் அது சுலபம்.

காற்று வரும் வழியையும் இப்போதே பார்த்துவிடுங்கள், ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதுதான் கை போகும். ரேடியேட்டருக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள தகடுகளும் ரப்பர் பட்டைகளும் ரீபெயின்ட் செய்யும்போது காணாமல் போயிருக்கும். அந்த இடைவெளி வழியாகக் காற்று கோரைச் சுற்றிக்கொண்டு ஓடிவிடும். பட்டைப் பஞ்சு வைத்து அடைத்தால் போதும். கோருக்குப் பெயின்ட் மெல்லியதாக ஒரு கோட்டு கருப்பு, அதற்குமேல் அடித்தால் போர்வை போர்த்திய மாதிரி.

சம்பா அறுவடை நேரத்தில், தை மாசி மாதங்களில், ராத்திரி ஓட்டினால் பூச்சியும் பதரும் ஃபின் முழுக்க அப்பிக்கொள்ளும். பகலில் ரோட்டிலேயே நெல் காயப்போடுகிற காலத்தில் தூசு வேறு. ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கிக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை கிட்டே வைத்து அடித்தால் ஃபின் மடங்கிப்போகும். பூச்சிக்குப் பயந்து கொசுவலை கட்டாதீர்கள், அது காற்றை நிறையவே தடுக்கும். ஆயுத பூஜைக்குக் கட்டிய மாலையையும் வாழைக்கன்றையும் கிரில்லிலிருந்து அவிழ்த்துவிட்டுத்தான் ரோட்டுக்கு எடுக்க வேண்டும்.

#14 லூகாஸ் 12

தண்ணீர்ப் பக்கம் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், நான் நெருப்புப் பக்கம் வருகிறேன். "80-ல் ஏறுகிறது, 50-ல் இறங்குகிறது" என்பதில் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பங்கு இருக்க முடியும்.

டைமிங் பின்வாங்கினால் பெட்ரோல் எரிந்து முடியும்போது எக்ஸாஸ்ட் வால்வு திறந்திருக்கும். வேலையாக மாற வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் போர்ட் வழியாக ஹெட்டுக்கும் அங்கிருந்து தண்ணீருக்கும் போகும். இந்த ஹெட்டில் நடு எக்ஸாஸ்ட் போர்ட் 2, 3 சிலிண்டர் இரண்டுக்கும் பொது, அங்கேதான் முதலில் வேகும்.

சி.பி. பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை வெட்டுகிற முனைகள்) இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். முதலில் அதை வைத்துவிட்டுத்தான் டைமிங். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். ஸ்டேட்டிக், அதாவது இன்ஜின் நிற்கும்போது வைக்கும் டைமிங், டிடிசி-க்கு (பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலை) 7 டிகிரி முன்னால். கிராங்க் புல்லியின் அடியில், டைமிங் கவரில் மூன்று முள் இருக்கும்: நீளமானது டிடிசி, மற்ற இரண்டும் 5, 10. புல்லியில் உள்ள வெட்டு 5-க்கும் 10-க்கும் நடுவே வரும்போது பாயிண்ட் பிரிய வேண்டும். டெஸ்ட் லாம்ப் போட்டுப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

அடுத்து வேக்குவம் அட்வான்ஸ், அதாவது கார்புரேட்டரின் உறிஞ்சலைக் கொண்டு டைமிங்கை முன்னே தள்ளும் அமைப்பு. பின் கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் நழுவினால் டயாஃபிரம் கிழிந்திருக்கிறது. சீரான வேகத்தில் ஓடும்போது கிடைக்க வேண்டிய அட்வான்ஸ் கிடைக்காது. ஐட்லிங்கில் எந்தக் குறையும் தெரியாது, ரோட்டில்தான் சூடாக வெளிப்படும். ரோட்டார் ஆர்மைக் கையால் சுழற்றி விட்டால் சுருள் இழுத்துத் திரும்பவும் வேண்டும். திரும்பாவிட்டால் கீழே இருக்கும் எடைகள் துருவில் ஒட்டியிருக்கின்றன. இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள்.

#15 ஹெரால்டு திருவாரூர்

இடையில் ஒரு கேள்வி. என்னிடம் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலால் சூடு கூடுமா? எலக்ட்ரிக் ஃபேன் பற்றியும் சொல்லுங்கள், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றாலே முள் ஏறிவிடுகிறது.

#16 லூகாஸ் 12

எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. சுத்த பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால் 20 சதவீதக் கலவைக்கு 13.5 வாக்கில் போதும். கார்புரேட்டர் பழைய அளவிலேயே ஊற்றுவதால் மிக்சர் 8 சதவீதம் போல இளைத்துப்போகும். இளைத்த மிக்சர் மெதுவாக எரியும், ரோட்டில் சூடு ஏறும், ஆக்சிலரேட்டரைத் தூக்கும்போது சைலன்சரில் பட்பட் என்று கேட்கும். எஸ்யூ-வில் ஜெட் நட்டைக் கீழ்நோக்கி ஒரு பட்டை (நட்டின் ஆறு பக்கத்தில் ஒன்று) திருப்பி, ஓட்டிப் பார்த்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் இன்னொரு பட்டை. இளம் பழுப்பு வந்தால் நிறுத்துங்கள். இரட்டை கார்புரேட்டரில் இரண்டையும் ஒரே அளவு திருப்ப வேண்டும். ஐட்லிங்கில் சரியாகியும் வேகத்தில் வெளுத்தே இருந்தால் நீடிலைத் தடிப்பு குறைந்ததாக மாற்ற வேண்டியிருக்கும். பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸையும் கையோடு மாற்றிவிடுங்கள். எத்தனால் அதை ஊறவைத்துக் கரைக்கும்.

கேட்டில் நிற்கும்போது ஏறினால் ஃபேன் உதவும். உங்கள் வண்டி எந்த எர்த் என்று முதலில் பாருங்கள். பாசிட்டிவ் எர்த் வண்டியில் ஃபேனின் சிவப்பு வயரை வழக்கம்போல இணைத்தால் அது எதிர்ப்பக்கம் சுழலும். சுழலுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் காற்று கிரில்லை நோக்கித் தள்ளும், ஓடும்போது வரும் காற்றோடு மோதும். ஒரு தாளை கிரில் முன்னால் பிடித்துப் பாருங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். டைனமோ ஐட்லிங்கில் மின்சாரம் தருவதே சொற்பம். எம்ஜிஏ-வின் சி39 டைனமோ முழு வேகத்திலேயே 19 ஆம்பியர்தான். 8, 10 ஆம்பியர் ஃபேனை நிற்கிற நேரம் முழுக்க ஓட்டினால் அது பேட்டரியிலிருந்துதான் வரும். ரிலே, தனி ஃப்யூஸ், சுவிட்ச் மூன்றும் கட்டாயம்.

#17 தஞ்சை எம்ஜிஏ

வேலை முடிந்தது. இரண்டு கோர் பிளக் எடுக்க வேண்டியிருந்தது. பின்பக்கம் கிட்டத்தட்ட கால் பக்கெட் சேறும் சுண்ணாம்புச் செதிலும் வந்தது. வேக்குவம் டயாஃபிரம் கிழிந்துதான் இருந்தது, மாற்றியாகிவிட்டது. வளையம் வைத்த 82 தெர்மோஸ்டாட் போட்டிருக்கிறேன்.

இப்போது 80-ல் மேல் டேங்க் 86, கீழ் டேங்க் 74. பிளாக் முன்னால் 85, பின்னால் 89. முள் 85-ஐ விட்டு நகரவில்லை, வெயில் 38.

ஆனால் நிறுத்தியதும் இன்னும் அரை லிட்டர் வெளியே போகிறது. கேஸ்கெட்டா?

#18 அம்பாசடர் 1489

எண்கள் அருமையா வந்திருக்கு சார்.

எதுவரைக்கும் ஊத்தறீங்க? கழுத்து வரைக்கும்னா அந்த அரை லிட்டர் போயே தீரும். இந்த ரேடியேட்டர்ல தனி பாட்டில் கிடையாது, மேல் டேங்கோட மேல்பகுதிதான் தண்ணி விரியறதுக்கான இடம். அதையும் நிரப்பிட்டா விரிஞ்ச தண்ணி வெளியதான் போகணும். ஆறின இன்ஜின்ல, கோரோட ட்யூப் தலை மூடி அதுக்கு மேல ஒரு அங்குலம் தண்ணி இருந்தா போதும். அந்த அளவுல விட்டுட்டு ஓட்டுங்க. அதுக்குக் கீழ இறங்கினாதான் கவலைப்படணும்.

கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்க்க: குளிர்ந்த இன்ஜின்ல ஃபேன் பெல்ட்டைக் கழட்டுங்க, பம்ப் சுத்தக்கூடாது. தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டு அந்த வாய் தளும்பத் தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு நிமிஷத்துக்கு மேல ஓட்ட வேண்டாம். தொடர்ந்து குமிழி வந்தா காஸ் கசியுது. ஆரம்பத்துல ரெண்டு மூணு வந்து நின்னா அது மாட்டிக்கிட்டிருந்த காத்து. பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் கம்ப்ரஷன் மட்டும் சேந்து குறைஞ்சிருந்தா அதுவும் கேஸ்கெட்தான்.

குமிழி இல்லைன்னா ஹெட் நட்டை மட்டும் ஒருமுறை டார்க் பாத்துடுங்க, 50 பவுண்டு-அடி. இவ்வளவு நாள் பின்பக்கம் வெந்த ஹெட். ஒவ்வொரு நட்டா கால் சுத்து தளர்த்தி, நடுவுல இருந்து வெளிய போற வரிசையில இறுக்குங்க. ராக்கர் தாங்கியும் அதே ஸ்டட்ல சில இடத்துல உக்காந்திருக்கறதால டாப்பெட் (வால்வு) இடைவெளி மாறும். சூடா இருக்கும்போது 0.017 அங்குலம் வெச்சிடுங்க.

#19 தஞ்சை எம்ஜிஏ

குமிழி இல்லை. நாலு சிலிண்டரின் கம்ப்ரஷனும் 150-க்கும் 158-க்கும் நடுவில். ட்யூப் தலைக்கு மேல் ஒரு அங்குலம் மட்டும் தண்ணீர் வைத்து மன்னார்குடி போய்த் திரும்பியதில் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. டார்க் பார்த்துவிட்டு டாப்பெட் வைத்துவிடுகிறேன். எல்லோருக்கும் மிக்க நன்றி.

#20 நாகை உப்புத்தண்ணி

1,000 கிலோமீட்டர் ஓடியதும் பின் டேப்பை ஒருமுறை திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். மிச்சம் ஒட்டியிருந்த செதில் அதற்குள் உதிர்ந்து இறங்கியிருக்கும். எடுத்த அளவுக்கு அதே மூன்றில் ஒரு பங்குக் கலவையை ஊற்றுங்கள், வெறும் தண்ணீர் வேண்டாம். டிக்கியில் ஒரு லிட்டர் கலவை எப்போதும் இருக்கட்டும். வழியில் குறைந்தால் டீக்கடைக் குடத்துத் தண்ணீரைத் தேட வேண்டியிருக்காது.